புழு மனை விளக்கும் அதன் மூடியும்

தருமபுரி ஜில்லாவில் கிணற்றுப் பாசனமுள்ள நிலங்களில் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்ப்பது, அடிக்கடி கையில் பணம் காணும் தொழில்களில் ஒன்றாக நிலைபெற்றிருக்கிறது. பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம் முதலிய தாலுகாக்களில் விளையும் கூடுகள் தருமபுரி அரசு பட்டுக்கூடு அங்காடிக்கு வந்து ஏலத்தில் விலைபோகின்றன. இத்தொழிலுக்கு வேண்டிய இலை, காற்றோட்டம், உஷ்ணம், ஈரம், சுத்தம் ஆகிய ஐந்தையும் பற்றிக் குடியானவர்கள் நன்கு அறிவார்கள். ஆறாவதாகிய வெளிச்சத்தைப் பற்றி மட்டும், விளக்கு எரிந்தால் போதும் என்னும் எண்ணமே பொதுவாய் இருந்து வருகிறது.

இந்த எண்ணத்தினால் உண்டாகும் நஷ்டம் கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை. இலை கெட்டால் புழு தின்னாமல் காட்டிக் கொடுக்கும். உஷ்ணம் மிகுந்தால் மனைக்குள் நுழைந்தவுடனே தெரியும். வெளிச்சக் கேடோ புழு ஒரு பக்கம் ஒதுங்குவதிலும், இரட்டைக் கூடுகள் பெருகுவதிலும், நோய்ப்புழு கண்ணுக்குத் தப்பிப் போவதிலும் மறைந்து நின்று, அங்காடித் தராசில்தான் வெளிப்படுகிறது. புழு தன் ஆயுளில் தின்னும் இலையில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் ஐந்தாம் பருவத்திலேயே தின்று தீர்க்கிறது. அந்தப் பருவத்தின் கடைசியில் நேரும் தவறு, தோட்டத்துக்கு இட்ட எரு, இறைத்த நீர், அறுத்த தழை ஆகிய எல்லாவற்றின் பலனையும் குறைத்துவிடும். இக்கேட்டைத் தவிர்க்கப் பெரிய செலவு வேண்டியதில்லை. விளக்குக்கு ஏற்ற மூடியைத் தெரிந்தெடுத்து, ஏற்ற இடத்தில் தொங்கவிட்டால் பெரும்பாலும் போதுமானது.

கூச்சம் உண்டாகும் விதம்

வெளிச்சம் வேறு, கூச்சம் வேறு. படுக்கையின்மேல் விழுந்து புழுவையும் இலையையும் காட்டுவது வெளிச்சம். விளக்கிலிருந்து நேரே கண்ணில் பாய்ந்து, பார்க்க வேண்டியதைப் பார்க்கவிடாமல் தடுப்பது கூச்சம். ஒரே விளக்கு முதலாவதைக் குறைவாகவும் இரண்டாவதை மிகுதியாகவும் தரக்கூடும். அத்தகைய விளக்கைத்தான் பலர் 'பளிச்சென்று எரிகிறது' என்று மெச்சுகிறார்கள்.

இதற்குக் காரணத்தைப் பம்பு செட்டு உள்ளவர்கள் எளிதில் அறியலாம். குழாயிலிருந்து வேகமாய் விழும் நீரை நேரே வாய்க்காலில் விட்டால் அது மண்ணைப் பறித்துக் குழி செய்கிறது. அதே நீர் ஒரு தொட்டியில் விழுந்து, பரந்து வழிந்தால் மண் அசைவதில்லை. நீரின் அளவு குறையவில்லை, அது வெளிப்படும் வாய் அகன்றது. விளக்கிலும் அவ்வாறே, சிறு இடத்திலிருந்து புறப்படும் வெளிச்சம் கண்ணைத் தாக்குகிறது. அதே வெளிச்சம் அகன்ற முகத்திலிருந்து புறப்பட்டால் கண் அதைத் தாங்குகிறது. மூடி என்பது வெளிச்சத்துக்குக் கட்டிய தொட்டியாகும்.

பழைய அரிக்கேன் விளக்கின் சுடரைச் சற்று நேரம் கண்ணெடுத்துப் பார்க்கலாம். மின்சார பல்பின் தெளிந்த கண்ணாடிக்குள் எரியும் இழையை அவ்வாறு பார்க்க இயலாது. இதனை மின்விளக்கு பரவிய காலத்திலேயே உணர்ந்து பரிகாரம் தேடினார்கள். பிரான்சு தேசத்தில் ஆந்திரே பிளாண்டெல் என்பவர் 1890களில் பட்டை பட்டையாய் வார்த்த கண்ணாடி மூடியை அமைத்தார். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த மார்வின் பிப்கின் என்பவரால் உட்புறம் மங்கலாக்கிய பல்பு 1925இல் நடைமுறைக்கு வந்தது. இன்று வழங்கும் எல்.இ.டி. பல்புகளின் வெள்ளைத் தலையும் இந்த நோக்கம் பற்றியதே. ஆயினும் அத்தலையின் அகலம் சுமார் இரண்டரை அங்குலமே ஆகையால், அதன் முகம் சிறியதாகவே இருக்கிறது. வெள்ளைத் தலை இருப்பதால் வேறு மூடி வேண்டாம் என்று எண்ணுவது சரியன்று.

கைமறைப்புச் சோதனை

ஒரு மனையில் கூச்சம் இருக்கிறதா என்று அறிய எந்தக் கருவியும் வேண்டியதில்லை. இரவில் விளக்கை ஏற்றி, நடைவழியில் நின்று, கீழ்த்தட்டிலுள்ள புழுக்களைப் பார்க்க வேண்டும். பிறகு உள்ளங்கையை நெற்றியில் வைத்து விளக்கு கண்ணில் படாதபடி மறைத்துக் கொண்டு, அதே புழுக்களை மறுபடி பார்க்க வேண்டும். கையால் மறைத்தவுடன் கீழ்த்தட்டு முன்னைவிடத் தெளிவாய்த் தெரிந்தால், அந்த விளக்கில் கூச்சம் உண்டு என்பது நிச்சயம். கை வைத்ததனால் மனைக்குள் வெளிச்சம் கூடிவிடவில்லை. கண்ணுக்கு இருந்த தடை நீங்கிற்று, அவ்வளவே.

வீட்டிலுள்ள வயோதிகர்களைக் கொண்டு இச்சோதனையைச் செய்து பார்ப்பது நல்லது. வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மங்கி, உள்ளே புகும் வெளிச்சத்தைச் சிதறச் செய்கிறது. கண்புரை உள்ளவர்களுக்கு இது இன்னும் அதிகம். இளைஞருக்குச் சற்றே தொந்தரவாயிருக்கும் விளக்கு, அறுபது வயதானவருக்கு எதிரில் உள்ளதை முற்றிலும் மறைத்துவிடக் கூடும். இரவுத் தழை போடுவது பல குடும்பங்களில் பெரியவர்களின் பொறுப்பு என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

நோய்ப்புழுவைப் பொறுக்கி எடுப்பது இந்த வேளையில்தான். பால் நோய் கண்ட புழுவின் தோல் பளபளத்து, கணுக்களின் இடை பருத்து, அது படுக்கை ஓரமாய் அலைந்து திரியும். அதை அப்போதே பொறுக்கி அப்புறப்படுத்தாவிட்டால், தோல் கிழிந்து வெளிவரும் பால் போன்ற நீர் மற்றப் புழுக்களுக்கும் நோயைப் பரப்பும். கண் கூசி நிற்பவருக்கு மேல்தட்டு வெண்மையாயும், கீழ்த்தட்டு இருட்டாயும் தோன்றுகையில், அந்த ஒரு புழு தப்பிவிடுகிறது.

புழுவின் சுபாவமும் வேண்டிய வெளிச்சமும்

பட்டுப்புழுவின் தலையில் இருபுறமும் ஆறாறு சிறு கண்கள் உள்ளன. பிரகாசமான வெளிச்சத்தையும் அது விரும்புவதில்லை, முழு இருட்டையும் விரும்புவதில்லை. 15 முதல் 20 லக்ஸ் வரையுள்ள மந்தமான வெளிச்சத்தை நாடி நகர்வது அதன் சுபாவம். தினத்தாளின் தலைப்புகளை எளிதாகவும், சிற்றெழுத்தைச் சற்று முயன்றும் வாசிக்கத்தக்க வெளிச்சம் ஏறக்குறைய இந்த அளவாகும். கைப்பேசியிலுள்ள வெளிச்சமானியைத் தழைக்கு மேல் பிடித்தும் உத்தேசமாய் அறிந்து கொள்ளலாம்.

வெளிச்சம் தரும் நேரத்துக்கும் கணக்கு உண்டு. முதல் இரு பருவத்து இளம்புழுவுக்கு நாளொன்றுக்கு 8 மணி வெளிச்சமும் 16 மணி இருட்டும் ஏற்றவை. வளர்ந்த புழுவுக்கு 16 மணி வெளிச்சமும் 8 மணி இருட்டும் ஏற்றவை. பகல் வெளிச்சம் சுமார் 12 மணி நேரம் கிடைப்பதால், வளர்ந்த புழுவின் மனையில் மாலை ஆறரை முதல் பத்தரை வரை விளக்கு எரிந்தால் போதும். இரவு 10 மணித் தழையைப் போட்டுப் படுக்கையைப் பார்த்தபின் விளக்கை நிறுத்திவிட வேண்டும். விடிய விடிய விளக்கெரிப்பது புழுவுக்குத் துணையாயிருக்கும் என்று சிலர் எண்ணுகிறார்கள். இடையறாத வெளிச்சத்தில் புழுவின் வளர்ச்சி தாமதப்படும். புழுவின் எடையும் கூட்டின் எடையும் குறையும்.

இனி, தட்டுகளின் நிலையைப் பார்க்கலாம். மூன்று தட்டுள்ள தாங்கியில், மேல்தட்டுக்கு ஒன்றரை அடி உயரத்தில் ஒரு பல்பு தொங்குவதாகவும், கீழ்த்தட்டு அதே பல்புக்கு ஆறடி கீழே இருப்பதாகவும் வைத்துக் கொள்ளலாம். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும். நான்கு மடங்கானால் பதினாறில் ஒன்றாகும். ஆகவே கீழ்த்தட்டுக்குக் கிடைப்பது மேல்தட்டு வெளிச்சத்தில் பதினாறில் ஒரு பங்குக்கு மேற்படாது. மேல்தட்டின் நிழல் அதையும் குறைத்துவிடும். மேலே உள்ள புழு பிரகாசத்தைக் கண்டு விலகி ஓரத்தில் குவியும். கீழே உள்ள புழு இருட்டை விட்டு விளிம்புக்கு ஏறும். இரண்டு தட்டிலும் தழை சமமாய்ப் போட்டிருந்தும், புழு சமமாய்த் தின்பதில்லை. ஒரே நாளில் பொரித்த புழுக்கள் சிறிதும் பெரிதுமாய் வளர்வதற்குள்ள காரணங்களில் இதுவும் ஒன்று.

மூடிகளின் வகைகள்

கடைகளில் கிடைக்கும் மூடிகளைக் குணம் பற்றி ஐந்து வகையாய்ப் பிரிக்கலாம்.

(1) தெளிந்த கண்ணாடி மூடி: இது தூசியையும் பூச்சியையும் தடுக்கும், கூச்சத்தைத் தடுக்காது. வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே இதில் குறையும். உள்ளே எரியும் பல்பு அப்படியே கண்ணில் படுமாதலால், புழு மனைக்கு இதனால் பிரயோஜனம் இல்லை.

(2) மங்கல் கண்ணாடி மூடி: ஒரு புறம் தேய்த்தோ, அமிலமிட்டோ மங்கலாக்கியது. கூச்சம் ஓரளவு தணியும். ஆனால் பல்பு உள்ள இடம் நடுவில் பளிச்சென்ற ஒரு வட்டமாய்த் தெரியும். பல்புக்கும் மூடிக்கும் இடைவெளி மிகுந்தால் குணம் கூடும்.

(3) பால்வெள்ளை மூடி: கண்ணாடியிலும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கிலும் வருகிறது. வெளிச்சம் மூடியின் உடல் முழுவதும் பரவி, மூடியே விளக்காய் ஒளிர்கிறது. கனத்துக்கும் தரத்துக்கும் ஏற்ப வெளிச்சத்தில் கால் பங்கு முதல் பாதி வரை குறையும். புழு மனைக்கு இதுவே முதன்மையானது. வாங்கும்போது கடையிலேயே பல்பைப் பொருத்தி ஏற்றிப் பார்க்க வேண்டும். பல்பின் உருவம் வெளியே தெரிந்தால் மூடி மெல்லியது. மூடி முழுதும் ஒரே சீராய் வெண்மை காட்டினால் ஏற்றது. எரிந்தும் மங்கிச் சாம்பல் நிறமாய்த் தோன்றினால் அது மிகக் கனத்தது, மின்சாரத்தை வீணாக்கும்.

(4) பட்டை வார்த்த மூடி: வரிவரியாகவோ, சிறு கட்டங்களாகவோ வார்க்கப்பட்டது. வெளிச்சத்தை அதிகம் விழுங்காமல், வேண்டிய திசைக்குத் திருப்பும். இலை வைக்கும் அறை, கூடு எடை போடும் இடம் ஆகியவற்றுக்கு அனுகூலமானது. புழு மனையில் பட்டைகளின் சந்துகளில் சுண்ணாம்புத் தூள் படிந்து துடைக்கச் சிரமமாவதால், அங்கே இதைத் தவிர்ப்பது மேல்.

(5) தகட்டுக் குடை: வெளிச்சம் ஊடுருவாதது. பக்கவாட்டில் செல்லும் கதிரை மறைத்துக் கீழே தள்ளுவது. குடை ஆழமாயிருந்து, பல்பின் நுனி குடையின் விளிம்புக்கு மேலே மறைந்திருந்தால், நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் பல்பு தெரியாது. ஆழமில்லாத தட்டைக் குடையால் இந்தப் பயன் இல்லை. நடைவழிக்கும் வாசலுக்கும் இது நல்லது. தாங்கிக்கு நேர் மேலே தொங்கவிட்டால், வெளிச்சத்தை மேல்தட்டுப் புழுவின்மேல் குவித்துத் தீங்கு செய்யும்.

இவையன்றி, பல்பின்மேல் காகிதம் சுற்றுவதும், துணி கட்டுவதும், மூங்கில் கூடையைக் கவிழ்ப்பதும் சில இடங்களில் வழக்கம். இவற்றை விட்டுவிட வேண்டும். பழைய இழை பல்பு மின்சாரத்தின் பெரும் பகுதியை உஷ்ணமாக்குவதால், காகிதமும் துணியும் கருகித் தீப்பற்ற இடமுண்டு. காய்ந்த தழையும் மூங்கில் தட்டியும் நிறைந்த மனையில் ஒரு பொறி போதும். மார்கழிக் குளிரில் மனையைச் சூடேற்ற இழை பல்பு எரிப்பவர்கள் அதற்கு எவ்வித மூடியும் இடாமல், கம்பிக் கூண்டு மட்டும் பொருத்தி, தழைக்கு எட்டாத தூரத்தில் வைக்க வேண்டும்.

மூடியின் அளவு

மூடி எவ்வளவு பெரியதோ, கூச்சம் அவ்வளவு குறையும். இதன் கணக்கு எளிது. குறுக்களவு இரட்டித்தால் முகத்தின் பரப்பு நான்கு மடங்காகும், கூச்சம் நான்கில் ஒன்றாகும். இரண்டரை அங்குலத் தலையுள்ள பல்பை 5 அங்குலப் பால்வெள்ளை உருண்டைக்குள் வைத்தால் முகத்தின் பிரகாசம் நான்கில் ஒரு பங்கே நிற்கும். 10 அங்குல உருண்டைக்குள் வைத்தால் பதினாறில் ஒரு பங்கே நிற்கும். மூடி விழுங்கும் வெளிச்சத்தைச் சேர்த்தால் இன்னும் குறையும். ஆகவே சிறு மூடியை மலிவென்று வாங்குவதைவிட, 8 அல்லது 10 அங்குல மூடி ஒன்றை வாங்குவது லாபம்.

உருண்டை மூடி அகப்படாத இடத்தில், வெள்ளை மூடியோடு வரும் இரண்டடி எல்.இ.டி. பட்டை விளக்கை உபயோகிக்கலாம். 10 வாட் பட்டை விளக்கு ஏறக்குறைய 9 வாட் பல்பின் வெளிச்சமே தரும். அதன் முகம் நீண்டிருப்பதால், பிரகாசம் பல்பில் நான்கில் ஒரு பங்கு அளவே இருக்கும். மூடியில்லாமல் எல்.இ.டி. மணிகள் வரிசையாய் வெளியே தெரியும் பட்டைகளை மனைக்குள் கொண்டுவரவே கூடாது. அவற்றின் ஒவ்வொரு மணியும் ஒரு முள்.

எல்.இ.டி. பல்பு குறைந்த உஷ்ணமே தந்தாலும், அந்த உஷ்ணம் வெளியேற வழியில்லாத இறுக்கமான சிறு மூடிக்குள் அதன் ஆயுள் குறைகிறது. இதுவும் பெரிய மூடியைத் தெரிந்தெடுக்க ஒரு காரணமாகும்.

தொங்கவிடும் இடம்

எவ்வளவு நல்ல மூடியும், தகாத இடத்தில் தொங்கினால் பயன் தராது. கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, விளக்கு தாங்கிக்கு மேல் அன்றி, நடைவழிக்கு மேல் இருக்க வேண்டும். அப்போது மூன்று தட்டுகளுக்கும் பக்கவாட்டில் வெளிச்சம் செல்லும். இரண்டாவது, கூரை இடங்கொடுக்கும் அளவுக்கு அதை உயர்த்த வேண்டும். உயர்ந்த விளக்கு கண்ணின் பார்வைக்கு மேலே விலகுவதுடன், தட்டுக்குத் தட்டு உள்ள வித்தியாசத்தையும் குறைக்கிறது. மூன்றாவது, ஒரு பெரிய பல்புக்குப் பதிலாய் இரண்டு மூன்று சிறு பல்புகளைப் பகிர்ந்து வைக்க வேண்டும். 20 வாட் பல்பு ஒன்று நடுவில் எரிவதைவிட, 5 வாட் பல்பு நான்கு, நான்கு மூடிகளுக்குள் எரிவது படுக்கைகளுக்குச் சமமான வெளிச்சம் தரும்.

மேற்புறம் காங்கிரீட்டாயிருந்து சுண்ணாம்பு அடித்து வெண்மையாயிருந்தால், மேல்நோக்கித் திறந்த கிண்ணம் போன்ற மூடியை உபயோகிக்கலாம். வெளிச்சம் முழுவதும் கூரையில் பட்டுத் திரும்பிவரும். அப்போது கூரையே விளக்காகும், நிழல் என்பதே அநேகமாய் இராது. கூரை ஓடாகவோ, கீற்றாகவோ, மங்கிய தகடாகவோ இருந்தால், மேலே சென்ற வெளிச்சம் அங்கேயே மடிந்துவிடும். அத்தகைய மனைக்கு மூடிய பால்வெள்ளை உருண்டையே ஏற்றது. சுவர்களுக்கு வெள்ளையடிப்பது எல்லா மனைக்கும் நன்மை. மனையைச் சுத்தி செய்யும்போது எப்படியும் சுண்ணாம்பு உபயோகப்படுவதால், இதற்குத் தனிச் செலவில்லை.

நடைவழி விளக்குக்கும் மற்ற விளக்குகளுக்கும் தனித்தனி ஸ்விட்சு வைப்பது நலம். தழை போட்டு நோய்ப்புழு பொறுக்கும் அரைமணி நேரத்துக்கு மட்டும் நடைவழி விளக்கைச் சேர்த்து எரித்து, வேலை முடிந்ததும் நிறுத்திவிடலாம்.

கூடு கட்டும் நாட்கள்

வெளிச்சத்தின் நன்மை தீமை முழுவதும் வெளிப்படுவது பழுத்த புழுவைச் சந்திரிகையிலோ, பிளாஸ்டிக் நெட்ரிகாவிலோ ஏற்றிய பிறகுதான். புழு இரண்டு மூன்று நாள் இடைவிடாது நூல் சுரந்து கூடு கட்டுகிறது. இந்நாட்களில் ஒரு பக்கம் பிரகாசமாயும் மறுபக்கம் நிழலாயும் இருந்தால், புழுக்கள் நிழற்பக்கம் சென்று நெருங்குகின்றன. நெருக்கத்தில் இரண்டு புழு ஒரே கூட்டைக் கட்டுகின்றன. இடம் தேடி அலைந்த புழு நூலை வழியெல்லாம் சிந்திவிட்டு மெல்லிய கூடு கட்டுகிறது. நெருக்கத்தில் ஒன்றின் கழிவு மற்றொன்றின் கூட்டில் பட்டுக் கறை உண்டாகிறது.

இரட்டைக் கூட்டில் இரண்டு இழைகள் பின்னிக் கிடப்பதால், ஒரே இழையாய் நூற்க வராது. நூற்பாளர் அதை ஒதுக்கி வைக்கிறார். மெல்லிய கூடும் கறைக் கூடும் அவ்வாறே. ஏலத்தில் கூட்டைக் கையில் அள்ளிப் பார்ப்பவர் இவற்றின் பங்கை மதித்து, குவியல் முழுவதற்கும் விலையைக் குறைத்துக் கேட்கிறார். நஷ்டம் கெட்ட கூட்டோடு நிற்பதில்லை, நல்ல கூட்டின் விலையையும் இழுத்துவிடுகிறது.

ஆகையால் சந்திரிகைகளைச் சாய்த்து வைத்திருக்கும் இடத்தில் விளக்கு எதுவும் அருகில் எரியக்கூடாது. தாழ்வாரத்தில் வைப்பவர்கள் பகல் வெயில் நேரே படாதவாறு தட்டி கட்ட வேண்டும். முழு இருட்டும் ஆகாது. தூரத்தில் பால்வெள்ளை மூடிக்குள் எரியும் ஒரு சிறு பல்பின் பரவிய வெளிச்சமே தக்கது. சதுர அடிக்கு 40 முதல் 50 புழுவுக்கு மேல் ஏற்றாமல் இருப்பதும் இதனோடு சேர்ந்த ஜாக்கிரதை. நெருக்கி ஏற்றிவிட்டு வெளிச்சத்தை மட்டும் திருத்துவதால் பலனில்லை.

மூடியைக் காக்கும் முறை

தோலுரிப்பு வேளையில் தூவும் சுண்ணாம்புத் தூளும், படுக்கைக் கிருமிநாசினித் தூளும் காற்றில் எழுந்து மூடியின்மேல் படியும். படிந்த தூசியால் வெளிச்சம் நாளுக்கு நாள் குறைவதைக் கண் உணராது. ஆகையால் ஒவ்வொரு தோலுரிப்பு முடிந்ததும் மூடியை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். துடைக்குமுன் விளக்கை நிறுத்தி ஆறவிட வேண்டும். வாய் திறந்த மூடிக்குள் விழுந்து மடியும் பூச்சிகளை வாரம் ஒருமுறை கொட்டிச் சுத்தம் செய்ய வேண்டும்.

அறுவடை முடிந்து மனைக்கு மருந்தடிக்கும்போது, நீற்றிய சுண்ணாம்பு சேர்த்த 2 சதவீத பிளீச்சிங் பவுடர் கரைசல் வழக்கமாய் உபயோகப்படுகிறது. இது இரும்பையும் தகட்டையும் அரிக்கும். இரும்புக் குடையும் இரும்புத் திருகும் சில பட்டங்களிலேயே துருவேறும். அக்ரிலிக், பாலிகார்பனேட், கண்ணாடி ஆகியவை இதற்குத் தாங்கும். அக்ரிலிக் வெயிலில் எளிதில் மஞ்சளிக்காது, ஆனால் அடிபட்டால் விரியும், தீயிலும் எரியும். பாலிகார்பனேட் அடி தாங்கும், ஆனால் வெயில்படும் இடத்தில் நாளடைவில் மஞ்சளிக்கும். கண்ணாடி நிறம் மாறாது, விழுந்தால் உடையும். மருந்தடிக்குமுன் மெயின் ஸ்விட்சை நிறுத்தி, மூடிகளைக் கழற்றித் தனியே கழுவி உலர்த்துவதே உத்தமம். ஈரமான மனையில் மின்சாரம் ஓடவிட்டு மருந்தடிப்பது உயிருக்கு அபாயம்.

செலவுக் கணக்கு

மூடியிட்டால் வெளிச்சம் குறையுமே, மின்சாரம் கூடுமே என்று சிலர் தயங்குவார்கள். கூச்சம் நீங்கியபின் கண்ணுக்குக் குறைந்த வெளிச்சமே போதுமாகையால், பெரும்பாலும் பல்பை மாற்றவே வேண்டியிராது. மாற்ற வேண்டியிருந்து, 7 வாட்டுக்குப் பதில் 10 வாட் போட்டாலும், அதிகப்படும் 3 வாட், நாளுக்கு 4 மணி வீதம் 20 நாளில், கால் யூனிட்டுக்கும் குறைவாகவே ஆகும். நூறு முட்டைத் தொகுதிக்கு அறுபது, எழுபது கிலோ கூடு எடுக்கும் குடியானவருக்குக் கிலோவுக்கு ஒரு ரூபாய் விலை ஏறினாலே இச்செலவு பலமடங்கு திரும்பிவிடும். மூடியோ ஒருமுறை வாங்கினால் பல பட்டங்களுக்கு உதவும்.

கிராம அதிகாரிகள் கவனத்துக்கு

1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் தெருவிளக்கை ஊராட்சியின் கடமைகளுள் ஒன்றாய் வைத்திருக்கிறது. மேலே கூறிய நியாயம் தெருவிளக்குக்கும் பொருந்தும். கம்பத்தில் விளக்கை மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்தினால், அது அதிக தூரம் எரிவதுபோல் தோன்றும். உண்மையில் எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்து, காலடியிலுள்ள பள்ளத்தையும் பாம்பையும் மறைக்கும். விளக்கின் முகம் தரைக்கு நேராய்க் கிடையாகவும், அதன் கண்ணாடி கீழே புடைக்காமல் தட்டையாகவும் இருக்க வேண்டும்.

புழு மனையின் ஜன்னலுக்கு எதிரே தெருவிளக்கு நின்றால், புழுவுக்கு வேண்டிய 8 மணி இருட்டு கிடைக்காது. சாமந்தி வயலின் ஓரத்தில் நின்றால் அங்கும் கேடு உண்டு. சாமந்தி நீண்ட இரவைக் கண்டு மொக்குவிடும் செடியாதலால், இரவெல்லாம் வெளிச்சம் விழும் வரிசைகளில் பூ தாமதப்படும். இத்தகைய இடங்களில் விளக்கை அகற்ற வேண்டியதில்லை. வயற்பக்கமோ, ஜன்னற்பக்கமோ ஒரு தகட்டு மறைப்பைப் பொருத்தினால் வெளிச்சம் தெருவோடு நின்றுவிடும். குடியானவர்கள் இதை மனுவாய்க் கொடுத்தால், ஊராட்சித் தலைவர்கள் பல்பு மாற்றும் வேலையோடு சேர்த்தே செய்து முடிக்கலாம். புதிதாய்க் கம்பம் நடும் இடத்தைத் தீர்மானிக்கையில் அருகிலுள்ள புழு மனைகளைக் கவனித்துக் கொண்டால், பின்னர் மறைப்பும் வேண்டியிராது.

சுருக்கம்

(1) மூடியற்ற பல்பைப் புழு மனையில் எரிக்கலாகாது. (2) 8 அல்லது 10 அங்குலப் பால்வெள்ளை மூடியைத் தெரிந்தெடுக்க வேண்டும். (3) விளக்கை நடைவழிக்கு மேல், உயரத்தில், சிறு பல்புகளாய்ப் பகிர்ந்து வைக்க வேண்டும். (4) இரவுத் தழை போட்டபின் விளக்கை நிறுத்த வேண்டும். (5) கூடு கட்டும் நாட்களில் விளக்கும் வெயிலும் ஒரு பக்கமாய் விழக்கூடாது. (6) ஒவ்வொரு தோலுரிப்புக்குப் பின்னும் மூடியைத் துடைக்க வேண்டும்.

அடுத்த பட்டத்துக்கு மனையைத் தயார் செய்கிறவர்கள் முதலில் ஒரு மூடி வாங்கி, ஒரு நடைவழியில் மட்டும் பொருத்தி, கைமறைப்புச் சோதனையை இருபுறமும் செய்து பார்க்கலாம். கூடு அறுக்கும்போது மூடியிட்ட பக்கத்துக் கூட்டையும் மற்றப் பக்கத்துக் கூட்டையும் தனித்தனியே குவித்து, இரட்டைக் கூடுகளை எண்ணிப் பார்த்தால் மீதி நடைவழிகளைப் பற்றி அவர்களே தீர்மானித்துக் கொள்ளலாம். வேண்டிய ஆலோசனைகளை அந்தந்தப் பகுதிப் பட்டு வளர்ச்சித் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம்.